உப்பை வென்ற தழை

தன்னையே சுடும் என்று தெரிந்த பின்னும் சொல்லத் துணிகிற வாய்மை அரிது. பிறர் குற்றத்தை எடுத்துச் சொல்லும் வாய்மைக்கு எந்த ஊரிலும் குறைவில்லை. தெருமுனையில் நின்றால் காது நிறையக் கேட்கலாம். தான் செய்த பிழையை, மறைத்து வைத்தால் கேட்பார் யாருமில்லை என்ற நிலையிலும், கொண்ட கணவரின் முகத்தைப் பார்த்தபடி உரைத்து, அம்முகம் வாடுவதையும் பார்த்து நிற்பது வேறு. அந்த வாய்மை நெல்லித்தோப்பில் ஒரு சிறிய ஓட்டு வீட்டில், துணிக்கடையில் புடவை மடித்துப் பிழைக்கும் அகஸ்டினாவிடம் இருந்தது.

அவளுடைய தகப்பனார் பஞ்சாலைத் தொழிலாளி. அவளைக் கைப்பிடித்த லூர்துநாதனும் அதே ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் நின்றவர். ஆலை மூடப்பட்ட பிறகு அவர் ஒரு பள்ளிக்கூடத்து வாயிலில் காவலர் ஆனார். அவள் நேரு வீதித் துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். வாங்க வந்தவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளை மறுபடியும் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்குவது அவள் பணி. நாள் முழுதும் நின்று கால் வீங்கி வந்தாலும் அடுப்படியை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. லூர்துநாதன் விருந்துக்குப் போனாலும் அரை வயிறுதான் உண்பார், மீதி அரையை அகஸ்டினாவின் சட்டிக்கு என்று வீட்டுக்குத் தூக்கிவருவார் என்பது அந்தத் தெருவின் நெடுநாளைய கேலி. ஒரே மகன் விக்டர், நகரின் ஓரத்து மேட்டுப்பாளையத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலைக்குப் போய்வந்தான். குறைவில்லாத குடும்பம் என்று சொல்ல முடியாது. குறையைப் பெரிதுபடுத்தாத குடும்பம்.

சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் லூர்துநாதனோடு பல ஆண்டுகளாகவே குடியிருந்தன. ஒரு மாசி மாதம் அவருடைய முகமும் பாதங்களும் ஊதின. பரிசோதித்த மருத்துவர் சிறுநீரகங்கள் பாதிக்குமேல் ஓய்ந்துவிட்டன என்றார். உப்பைக் குறைக்க வேண்டும் என்றார். வேறு சிலவும் சொன்னார். இளநீர், வாழைப்பழம், கீரை என்று ஏதேதோ காதில் விழுந்தன. ஆயினும் அச்சத்தில் இருப்பவர் மனத்தில் முதலில் கேட்ட சொல்லே ஊன்றுகிறது. உப்பு என்ற ஒரு சொல்லோடு அவர்கள் வீடு திரும்பினார்கள்.

அடுத்த புதன்கிழமை திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பல் வாங்கித் தவக்காலம் தொடங்கும் நாள். அந்நாட்களில் அக்குடும்பத்தார் ஆண்டுதோறும் ஏதேனும் ஒன்றை விட்டுவிடுவது வழக்கம். ஓர் ஆண்டு புலால், ஓர் ஆண்டு காப்பி, விக்டர் சிறுவனாக இருந்தபோது ஒருமுறை இனிப்பு. குறைப்பது என்ற வழக்கம் அவர்களிடம் இல்லை. ஒறுத்தல் என்றால் முற்றும் விடுதல்தான். மருத்துவர் குறைக்கச் சொன்னதை அகஸ்டினா தவமாக எடுத்துக்கொண்டாள். அவருக்கு மட்டும் தனிச் சட்டியில் சப்பென்று ஆக்கி வைத்துவிட்டுத் தான் உப்புக் குழம்பு உண்பதற்கு அவளுக்கு மனம் ஒப்பவில்லை. உப்பு ஜாடியின் வாயைத் துணியால் கட்டிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். அன்று முதல் மூவருக்கும் ஒரே சோறு, ஒரே குழம்பு, உப்பில்லாமல்.

சில நாள்களிலேயே லூர்துநாதன் தட்டைத் தள்ளத் தொடங்கினார். குறை சொல்லமாட்டார், இரண்டு கவளம் உண்டு, பசியில்லை என்று எழுந்துவிடுவார். அவர் தோள் எலும்பு சட்டைக்குள் துருத்திக்கொண்டு வந்ததைப் பார்த்து அகஸ்டினா கலங்கினாள். அப்போதுதான் அவளுக்குக் கொத்தமல்லித் தழையின் நினைவு வந்தது. பெரிய மார்க்கெட்டில் கடை கட்டும் வேளையில் தழைக்கட்டுகளை அள்ளி வந்தாள். அலசி, வெள்ளைத் துணியில் பரப்பி, வெயில் படாமல் மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, மிக்ஸியில் அரைத்தாள். கரும்பச்சையாய்ப் பொடி இறங்கியது. மூடியைத் திறந்தபோது அடுப்படி முழுதும் மணந்தது. அன்றைய ரசத்தில் அதைக் கை நிறைய அள்ளிப் போட்டாள். லூர்துநாதன் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார்.

விக்டர் அன்று மாலை கைப்பேசியை எடுத்து உப்பையும் உலர்ந்த மல்லித்தழையையும் அடுத்தடுத்து வைத்து அவற்றின் சத்துகளைத் தேடிப் படித்தான். நூறு கிராம் உப்பில் புரதம் இல்லை, நார் இல்லை, வைட்டமின் இல்லை. சோடியத்தைத் தவிர அதில் சொல்லும்படி ஒன்றுமே இல்லை. தழையிலோ இரும்பு இருந்தது, சுண்ணாம்பு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் இருந்தது, கண்ணுக்கு நல்லது, எலும்புக்கு நல்லது என்று ஒவ்வொன்றாய் வந்தன. வீட்டில் அது ஒரு பந்தயம்போல் ஆயிற்று. அவன் ஒரு சத்தின் பெயரைச் சொல்வான். லூர்துநாதன் உப்புக்கு எவ்வளவு என்பார். விடையைக் கேட்டுச் சிரிப்பார்.

“பொட்டாசியம்னு ஒண்ணு இருக்குப்பா. உப்புல வெறும் எட்டு. தழையில நாலாயிரத்துக்கு மேல.”

“அடேயப்பா. இத்தன வருசமா அந்த ஒண்ணுமத்த பயல போயி ஜாடியில வச்சு காப்பாத்தினு இருந்தோமே, அகஸ்டினா.”

அந்த வீட்டில் நோய் வந்த பிறகு எழுந்த முதல் சிரிப்பு அது. அகஸ்டினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கணக்கில் ஓர் எண்ணும் பொய்யில்லை. தழை உப்பை எல்லா விதத்திலும் வென்றிருந்தது. அந்த வெற்றியைக் கொண்டாட, அடுத்த நாளிலிருந்து அவள் கூட்டிலும் குழம்பிலும் கஞ்சியிலும் மோரிலும் பொடியை இரட்டிப்பாக்கினாள்.

உயிர்ப்புப் பெருவிழா வந்தது, தவக்காலம் முடிந்தது. உப்பு ஜாடி திரும்பி வரவில்லை. நல்லதாய் அமைந்த ஒன்றை மாற்றுவானேன் என்று விட்டுவிட்டார்கள். கோவில் வாசலில் கண்டவரிடமெல்லாம் லூர்துநாதன் தழையின் பெருமையைச் சொன்னார். டீக்கடையில் சொன்னார், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொன்னார். நோயாளி ஒருவர் தமக்குக் கிடைத்த மருந்தைப் பிறருக்கும் காட்ட விழைவதில் பிழை காண்பார் யார்?

சித்திரை முடிவதற்குள் அவர் கைகால்கள் தளர்ந்தன. ஒருநாள் காலை உணவுண்டு எழுந்தவர், மேசையைப் பற்றியபடியே சரிந்தார். ஆட்டோவில் கிடத்திப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இதயம் தடுமாறித் துடிப்பதாகவும், இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்து நிற்பதாகவும் அங்கே சொன்னார்கள். தான் கைப்பேசியில் படித்த அதே பெயர் என்பது அந்தப் பதற்றத்தில் விக்டருக்கு உறைக்கவில்லை. ஊசி போட்டார்கள், இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். இரண்டு நாளில் அவர் கண் திறந்தார். என்ன உண்டார் என்று பணி மருத்துவர் கேட்டபோது அகஸ்டினா தலை நிமிர்ந்து, உப்பு ஒரு கல்கூடச் சேர்க்கவில்லை என்றாள். அது உண்மையே. தழையைப் பற்றி யாரும் கேட்கவில்லை; கேட்காததைச் சொல்ல அது ஒரு பொருட்டாகவும் அவளுக்குத் தோன்றவில்லை.

மருத்துவமனைச் சோற்றை அவர் தொடவில்லை. ஆகவே அவள் நாள்தோறும் டிபன் கேரியரில் கஞ்சி கொண்டுபோனாள். மெலிந்தவருக்குத் தெம்பு வேண்டுமென்று பொடியை இன்னும் ஒரு கரண்டி கூட்டினாள். இறங்கியிருந்த பொட்டாசியம் மறுபடியும் ஏறியது. மருத்துவர்கள் காரணம் தேடினார்கள். உணவு ஆலோசனை சொல்லும் கார்குழலி என்ற பெண் வார்டுக்கு வந்து, டிபன் கேரியரின் மேல் அடுக்கைத் திறந்து பார்த்தாள்.

“இது இன்னாம்மா, இவ்ளோ பச்சையா?”

“கொத்தமல்லித் தழைம்மா. காயவச்சுப் பொடி பண்ணது. உப்புக்குப் பதிலா.”

கார்குழலி அவளையும் விக்டரையும் வெளியே தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனாள். நல்ல சிறுநீரகம் பொட்டாசியத்தில் மிஞ்சியதை வெளியேற்றிவிடும் என்றாள்; ஓய்ந்த சிறுநீரகம் அதை உள்ளேயே தேக்கும், தேங்கியது இதயத்தைப் பிடிக்கும் என்றாள். ஈரத்தழை ஒரு கொத்து கிள்ளிப் போட்டால் அதில் பெரும்பகுதி நீர். உலர்த்திப் பொடித்தபோது ஒரு கட்டின் சத்து முழுதும் இரண்டொரு கரண்டிக்குள் சுருங்கிவிடுகிறது என்று விளக்கினாள். விக்டர் கைப்பேசியில் பார்த்த கணக்கை எடுத்துச் சொன்னான். அவள் மறுக்கவில்லை.

“கணக்கு சரிதாம்பா. ஆனா அது ஒடம்பு நல்லா இருக்கிறவங்களுக்கு. அப்பாவுக்கு அந்த நாலாயிரம்தான் எமன்.”

தான்தான் காரணமா என்று அகஸ்டினா கேட்டாள். சிறுநீரகம் முன்பே கெட்டிருந்தது, எப்படியும் ஒருநாள் இயந்திரத்துக்கு வரவேண்டியவர்தான் என்று கார்குழலி ஆறுதல் சொல்லத் தொடங்கினாள். அகஸ்டினா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வைக்கு முன் ஆறுதல் நிற்கவில்லை. “இதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. இது இல்லன்னும் சொல்ல முடியாது,” என்று முடித்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

தாழ்வாரத்தில் தாயும் மகனும் நின்றார்கள். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றான் விக்டர். அவர் உண்பது ஒரே ஒரு கையின் சோற்றை; அந்தக் கையின்மேல் ஐயம் வந்துவிட்டால் பிறகு எதையும் தொடமாட்டார் என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அகஸ்டினா தலையசைத்தாள். டிபன் கேரியரைக் கழுவித் துடைத்து வெறுமையாக எடுத்துவந்தாள். வீட்டில் எஞ்சியிருந்த பொடி ஒரு பாட்டில். குப்பையில் கொட்டக் கை வராமல் அதை அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளிவைத்தாள்.

அதன்பின் லூர்துநாதனின் வாழ்வு இயந்திரத்தோடு பிணைந்தது. வாரந்தோறும் குறித்த நாள்களில் அவர் மருத்துவமனையின் நீண்ட இரத்தச் சுத்திகரிப்பு அறையில், கையில் ஊசியோடு, பிற்பகல் வரை படுத்திருக்க வேண்டும். பக்கத்துப் படுக்கை மூலக்குளத்து ஜானகிராமனுடையது. கொத்தனாராக இருந்து ஓய்ந்தவர். துணைக்கு வருபவள் அவர் மகள் தீபலட்சுமி. லூர்துநாதன் அவரைப் பழைய பிரெஞ்சுக்கால வழக்கப்படி ‘மிசியே’ என்று அழைப்பார். அவர் இவரை ‘துரை’ என்பார். இரத்தம் வெளியே ஓடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் இருவரும் சாப்பாட்டைப் பற்றியே பேசுவார்கள். பசித்தவரைக் காட்டிலும் விலக்குடையவருக்கே உணவின் நினைவு மிகுதி.

உப்பில்லாத சோறு தொண்டையில் இறங்கவில்லை என்று ஜானகிராமன் நொந்துகொண்டார். உடனே லூர்துநாதன் தழையின் கதையைத் தொடங்கினார். உப்பில் ஒன்றுமில்லை, தழையில் எல்லாம் உண்டு, அந்தப் பொடிதான் தம்மைச் சாவிலிருந்து இழுத்துவந்தது, இல்லாவிட்டால் அன்று மேசையடியிலேயே முடிந்திருக்கும் என்றார். அகஸ்டினா செபமாலையின் மணியைப் பிடித்தபடி அசையாதிருந்தாள். எனக்கும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லு துரை என்றார் ஜானகிராமன். பொடி தீர்ந்துவிட்டது என்று அகஸ்டினா சொன்னாள். அது அவள் அதுவரை தன் கணவர் முன்னிலையில் சொல்லாத வகைச் சொல். அன்று வீடு வந்து சேரும்வரை அவளுக்கு வாய் கசந்தது.

அடுத்த முறை அவள் மாத்திரை வாங்கக் கீழே போய் வந்தபோது தீபலட்சுமியின் கையில் அந்தப் பாட்டில் இருந்தது. லூர்துநாதன் அரிசி டிரம்முக்குப் பின்னால் அதைக் கண்டெடுத்துச் செய்தித்தாளில் சுற்றித் தம் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஒளித்துவைத்துவிட்டாள் கஞ்சப் பிசினாறி என்று அவர் சொல்ல, தகப்பனும் மகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தீபலட்சுமி மூடியைத் திறந்து முகர்ந்து, வாசனை அருமை என்றாள்.

அகஸ்டினா வாயிலிலேயே நின்றாள். பாட்டிலைப் பிறகு தனியே வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தீபலட்சுமியைப் படியருகே அழைத்து மெல்லச் சொல்லலாம். அவள் தன் தகப்பனாரிடம் சொல்வாள், அவர் இவரிடம் சொல்வார். எப்படிச் சுற்றினாலும் அது கணவரின் செவிக்கே வந்து சேரும், வேறொருவர் வாய்வழியாக. அவள் நேரே நடந்துவந்து இரண்டு படுக்கைக்கும் நடுவில் நின்றாள்.

“தீபா, அத குடுத்துடும்மா. அப்பாவுக்குப் போட்டுடாத.”

“ஏ, ஒரு பாட்டில் பொடிக்கு இன்னா இவ்ளோ அழிச்சாட்டியம்?” என்றார் லூர்துநாதன், இன்னும் சிரித்தபடியே.

“பொடிக்கு இல்லீங்க. அதான் உங்கள இங்க கொண்டாந்து படுக்க வச்சது. நான்தான் போட்டேன். தெரியாம போட்டேன். தெரிஞ்சப்புறம் உங்ககிட்ட சொல்லாம இருந்தேன்.”

பிறகு கார்குழலி சொன்னதை எல்லாம், எட்டையும் நாலாயிரத்தையும், டிபன் கேரியரில் கூட்டிய ஒரு கரண்டியையும், ஒன்றும் விடாமல் சொன்னாள். குரல் உடையவில்லை. கணவரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. அவர் முகத்தில் சிரிப்பு எந்த இடத்தில் நின்றிருந்ததோ அந்த இடத்திலேயே வற்றியது. கேட்டு முடித்ததும் அவர் மெல்லத் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். தீபலட்சுமி பாட்டிலை மூடித் தரையில் வைத்தாள். ஜானகிராமன், என் நல்ல காலம், வீட்டுக்குப் போகும் வழியிலேயே வாயில் போட்டுக்கொள்ள இருந்தேன் என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தன.

பிற்பகலில் லூர்துநாதன் வீடு திரும்பினார். வீட்டில் விக்டரைப் பார்த்து, உனக்கும் தெரியுமா என்று மட்டும் கேட்டார், அவன் தலைகுனிந்தான். அகஸ்டினா அவர் காலருகே தரையில் உட்கார்ந்து, திட்டிவிடட்டும் என்று காத்திருந்தாள். அவர் பேசியபோது வந்தது வசை இல்லை.

“ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேனே. எத்தன பேருகிட்ட சொன்னேன் நான்?”

அவளும் விக்டரும் அதை எண்ணிப் பார்த்ததே இல்லை. அவர்கள் அஞ்சியது ஒரு தட்டுச் சோற்றுக்கு. அவரோ அதற்குள் மனத்தால் தெருத் தெருவாக அலைந்துகொண்டிருந்தார். மறுநாள் தொடங்கி, நடக்க முடிந்த நாளெல்லாம் அகஸ்டினாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் ஒவ்வொருவராகத் தேடிப் போனார். கோவிலில் பாடற்குழுவினரிடம் சொன்னார். டீக்கடையில் சொன்னார். நல்ல உடம்புக்காரர்கள் எங்களுக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்தார்கள்; ஓரிருவர், முன்பு அப்படிச் சொன்னாய், இப்போது இப்படிச் சொல்கிறாய் என்று நகைத்தார்கள். அவர் அதையும் வாங்கிக்கொண்டார். ஒருவரை மட்டும் காணவே முடியவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர், வீராம்பட்டினத்துக்காரர், தமக்கும் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று சொல்லி, பொடி செய்யும் பக்குவத்தை இரண்டு முறை கேட்டு மனத்தில் இருத்திக்கொண்டு இறங்கியவர். பெயர் கேட்கவில்லை. விக்டர் அந்தக் கடற்கரையூருக்குப் போய் வீடு வீடாக விசாரித்துப் பார்த்தான். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த அடையாளம் போதவில்லை. இன்னும் அந்த மனிதரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. லூர்துநாதன் செபிக்கும்போது உதடு மட்டும் அசையும் ஓர் இடம் உண்டு. அங்கே பெயரில்லாத ஒருவருக்காக அவர் நிற்கிறார் என்பது அகஸ்டினாவுக்குத் தெரியும்.

அவளோ, உண்மையைச் சொன்ன நாளிலிருந்து அடுப்படிக்குப் போகவே அஞ்சினாள். இனி ஓட்டலில் வாங்கலாம், பக்கத்து வீட்டில் சொல்லி வைக்கலாம் என்றாள். கார்குழலியிடம் கேட்டு வந்த முறைப்படி காயை நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்து, அளந்த சிட்டிகை உப்பிட்டு ஆக்கத் தெரிந்தும் அவள் கை கரண்டியைப் பற்ற மறுத்தது. லூர்துநாதன் வேறு எவர் ஆக்கியதையும் உண்ண மறுத்தார். இரண்டு மறுப்புக்கும் நடுவில் ஒரு பகல் முழுதும் அடுப்பு எரியாமல் கிடந்தது. மாலையில் அவள் எழுந்து புடலங்காயை அரியத் தொடங்கினாள்.

தட்டு வந்தது. அவர் கை வைக்கவில்லை.

“இதுல இன்னா போட்டிருக்க?”

“புடலங்கா. ஊறவச்ச தண்ணிய கொட்டிட்டேன்.”

“ம்.”

“வெங்காயம் கொஞ்சம். சீரகம்.”

“உப்பு?”

“ஒரு சிட்டிக. அந்தப் பொண்ணு சொன்ன அளவு.”

“தழ?”

“இல்லீங்க.”

அதன் பிறகே அவர் உண்டார். அகஸ்டினா எழுந்து கொல்லைப்புறம் போய் நின்றுவிட்டு வந்தாள். மறுவேளையும் அவர் கேட்டார், அவள் சொன்னாள். அன்றிலிருந்து ஒரு வேளையும் அந்தக் கேள்வி தவறியதில்லை. சில நாள் அது உண்மையான ஐயமாகவே ஒலிக்கிறது, அப்போது அவள் நெஞ்சு குத்துண்டு நிற்கிறது. சில நாள் வெறும் பழக்கமாக ஒலிக்கிறது. எது எந்த நாள் என்று அவளால் பிரித்தறிய முடிவதில்லை, அவரும் சொல்வதில்லை. கோவிலில் மன்றாட்டுச் சொல்லும்போது ஒருவர் சொல்ல மற்றவர் மறுமொழி கூறுவதைப்போல, அந்தச் சிறிய மேசையில் அவள் ஒவ்வொரு பொருளாகப் பெயர் சொல்கிறாள், அவர் ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ என்கிறார். அவர் உடல் மாதந்தோறும் இளைத்துவருகிறது. இயந்திரம் தருவது தவணை என்பதை மூவரும் அறிவர். கேட்பதை அவர் நிறுத்தவில்லை. ஒன்றையும் விடாமல் சொல்வதை அவளும் நிறுத்தவில்லை.

அந்த இல்லத்து அடுப்பில் நெருப்பு குன்றாதிருக்கட்டும். அத்தட்டில் விழும் ஒவ்வொரு கவளமும் உண்பவர் உடலுக்கு இசைவதாகட்டும். கேட்கும் குரலுக்கும் சொல்லும் குரலுக்கும் இன்னும் நெடுங்காலம் அளந்து தரப்படட்டும். தாய் தந்தையரின் துயரைத் தோளில் வாங்கிய அம்மகனுக்கு உறக்கம் வாய்க்கட்டும். அகஸ்டினாவின் கையிலிருந்து அச்சத்தை எடுத்துவிட்டு, ஆண்டவர் அக்குடும்பத்தைத் தம் நிழலில் வைத்துக் காப்பாராக.